சூரியனைத் துகள் துகளாகக் கணினியில் ஓட்ட முடியாதா?

2025 மே 4, மாலை. கேள்வி: பெருமாள்மலை இயற்பியல் ஆசிரியர்

பிள்ளைகளைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். சூரியப் புள்ளியின் புறநிழலில் (கரிய நடுப்பகுதியைச் சுற்றிய வெளிறிய வளையத்தில்) வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் வானியலாளர் எவர்ஷெட் கண்டறிந்தது இந்த மலையில்தான் என்று சொன்னதும் ஒரு மாணவி எழுந்தாள். “சூரியனில் இருப்பது எலக்ட்ரானும் அயனியும்தானே? அவை நகரும் விதியும் தெரியும். இப்போதைய சூப்பர் கணினியில் ஒவ்வொரு துகளாக நகர்த்திக்கொண்டே போனால் புள்ளி தானாக வந்துவிடாதா?” என்று கேட்டாள். முடியாது என்று சொல்ல வாய் வருகிறது, காரணம் சொல்ல வரவில்லை. இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2025 மே 4, இரவு

நான் பார்த்திருக்கிறேன். பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரானும் அயனியும் பிரிந்து கிடக்கும் வாயுவை, துகள்களாக ஓட்டும் ஒரு பழைய நிரல், ஃபோர்ட்ரான் என்னும் கணினி மொழியில் எழுதியது; அதை ஜிபியுவுக்கு (ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் சில்லுக்கு) மாற்றும் குழுவில் இருந்தேன். இப்போது வில்பட்டியில் உட்கார்ந்து அதே வேலையின் மிச்சத்தைத் தொலைவிலிருந்து செய்கிறேன்.

மாணவியின் கேள்வி சரியான கேள்வி. கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

சூரியனின் வெளிவளையமான கொரோனாவை எடுத்துக்கொள்வோம் (நோயின் பெயர் பிறகு வந்தது). அங்கே ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 100 கோடி எலக்ட்ரான்கள், வெப்பநிலை 10 லட்சம் டிகிரி. இந்த நிலையில் ஒரு மின்னூட்டத்தின் செல்வாக்கைச் சுற்றியுள்ள துகள்கள் எவ்வளவு தூரத்துக்குள் மறைத்துவிடுகின்றன என்று பார்த்தால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வருகிறது. இதுதான் டிபை நீளம். வழக்கமான துகள் நிரல் இடத்தைச் சிறு அறைகள் கொண்ட கட்டமாகப் பிரிக்கும்; ஒவ்வோர் அறையும் இந்த அளவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைவிட மிகவும் பெரிதாக வைத்தால் பிளாஸ்மா காரணமில்லாமல் சூடாகும். சூரியன் செய்யும் வேலை அல்ல அது, கட்டம் செய்யும் வேலை.

புள்ளிகளும் வலுவான காந்தப்புலமும் இருக்கும் ஒரு பெரிய செயல்படு பகுதியின் அகலம் ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று வையுங்கள். 2 மில்லிமீட்டர் அறைகளாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு 5,000 கோடி அறைகள். மூன்று பக்கமும் பெருக்கினால் 1-க்குப் பின்னால் 32 சுழியங்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இருக்கும் ஃப்ரான்டியர் கணினியின் ஜிபியு நினைவகம் மொத்தத்தையும் சேர்த்தாலும் பைட்டுகளின் எண்ணிக்கையில் 15 சுழியங்கள்தான் வரும். அறைக்கு ஒரு பைட் கூடக் கிடைக்காது.

நேரம் இன்னொரு தொல்லை. ஒளி 2 மில்லிமீட்டரைக் கடக்க 7 பிகோவிநாடி (விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஏழு பங்கு) போதும். கணக்கின் ஒரு நேரப்படி அதைவிட நீளமாக இருக்கக் கூடாது. ஒரு நிமிடச் சுவாலையை (கொரோனாவில் நிகழும் திடீர் வெடிப்பை) ஓட்ட ஏறத்தாழ 9 லட்சம் கோடி படிகள்.

ஆகவே முடியாது. கணினி மெதுவாக இருப்பதால் அல்ல. பல்லாயிரம் மடங்கு வேகமான கணினி வந்தாலும் இந்தச் சுழியங்கள் அசையாது.

2025 மே 5

காலையில் படித்துப் பார்த்தேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். மாணவி கேட்டது புள்ளியைப் பற்றி. நான் போட்டது கொரோனாவின் கணக்கு. புள்ளி இருப்பது நம் கண்ணுக்குத் தெரியும் பரப்பான ஒளிக்கோளத்தில். அங்கே அடர்த்தி மிக அதிகம், வெப்பம் 6,000 டிகிரி அளவு, பெரும்பாலான அணுக்கள் அயனியாகவே ஆகியிருக்கவில்லை, துகள்கள் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. மோதல் அப்படி இருக்கும் இடத்தில் துகளைத் தனித்தனியாகப் பின்தொடர்வதில் பயனே இல்லை. காந்தப்புலத்தோடு ஓடும் பாய்மமாக எடுத்துக்கொண்டால் போதும். ஓர் அறைக்கு அடர்த்தி, மூன்று திசைவேகங்கள், மூன்று காந்தப்புலக் கூறுகள், ஆற்றல் என்று எட்டே எண்கள்.

அப்படி ஓட்டியும் விட்டார்கள். 2009-இல் ரெம்பெலும் கூட்டாளிகளும் எதிரெதிர்த் துருவம் கொண்ட ஒரு சோடிப் புள்ளியைக் கணினியில் உருவாக்கினார்கள். பரப்பு 98,000 கிலோமீட்டருக்கு 49,000 கிலோமீட்டர், கிடைமட்ட அறை 32 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் புறநிழலின் இழைகளும் வந்தன, வாயு வெளிநோக்கிப் பாய்வதும் வந்தது. கொடைக்கானலில் எவர்ஷெட் பார்த்துச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து.

மாணவியிடம் சொல்லுங்கள்: புள்ளி வந்துவிட்டது, துகள் இல்லாமலேயே.

2025 மே 9

ஊட்டியிலிருந்து ஒரு முதுகலை மாணவர் கேட்கிறார்: “பாய்மமே போதுமென்றால் துகள் நிரல்களுக்கு எக்ஸா அளவுக் கணினி (விநாடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்குப் போடுவது) எதற்கு?”

தம்பி, மேலே ஏறினால் பாய்மம் கைவிட்டுவிடும். கொரோனாவில் மோதல் அரிது. சுவாலை வெடிப்பது காந்தக் கோடுகள் அறுந்து வேறு விதமாகச் சேர்வதால். பழைய பாய்மக் கணக்கின்படி அந்த மறுஇணைப்பு நடக்க மாதக்கணக்கில் ஆகும். சூரியன் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. வேகத்தின் ரகசியம், எதிரெதிர்க் காந்தப்புலங்கள் சந்திக்கும் இடத்தில் உருவாகும் மின்னோட்டத் தகட்டின் மெல்லிய நடுப்பகுதியில் இருக்கிறது. அயனியின் அளவுகோலில் அது ஏழு மீட்டர், எலக்ட்ரானின் அளவுகோலில் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். ஒரு லட்சம் கிலோமீட்டர் அகல வெடிப்பை ஏழு மீட்டர்த் தகடு முடிவு செய்கிறது. துகள் நிரல் தேவைப்படுவது அந்தத் தகட்டுக்கு. அணு இணைவு உலையிலும் லேசர் முடுக்கியிலும் இதே கதைதான், எண்கள் மட்டும் மாறும்.

ஊட்டி என்றதால் ஒரு கிளைக்கதை. ஊட்டியை அடுத்த முத்தொரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கி 1970-இலிருந்து இயங்குகிறது. அதை அமைத்த கோவிந்த் ஸ்வரூப் அந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்ததே அதன் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகையோடு ஒத்துப்போனதால்தான். கருவியின் அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாகிவிட்டது. அது கேட்கும் அலைவரிசை 326.5 மெகாஹெர்ட்ஸ். பிளாஸ்மாவுக்கும் தனக்கென ஓர் அதிர்வெண் உண்டு, அடர்த்தியின் வர்க்கமூலத்தோடு ஏறும். எந்த அடர்த்தியில் அது 326.5 வரும் என்று கணக்கிட்டால் கன சென்டிமீட்டருக்கு 130 கோடி எலக்ட்ரான்கள். முதல் நாள் நான் எடுத்த கொரோனா அடர்த்திக்கு மிக அருகில். முத்தொரைக் கருவியின் முக்கிய வேலை சூரியக் காற்றில் ரேடியோ மூலங்கள் சிமிட்டுவதைப் பார்ப்பது, இது அல்ல. ஆனாலும் உங்கள் ஊர் அலைவரிசையே கொரோனாவின் ஓர் அடுக்கின் துடிப்பாக இருப்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

2025 மே 10

பேராசிரியர் ஒருவர் தனிமடலில், “கிளைக்கதை போதும், திறனுக்கு வாருங்கள்” என்கிறார். வருகிறேன்.

துகள் நிரல் ஒவ்வொரு படியிலும் நான்கு வேலை செய்கிறது. துகள்கள் சுமக்கும் மின்னோட்டத்தைக் கட்டத்தில் இறக்கிவைக்கும். கட்டத்தில் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் கணக்கிடும். அந்தப் புலத்தைத் துகள் நிற்கும் இடத்துக்கு எடுத்துவரும். துகளைத் தள்ளும். தள்ளுவதற்கு 1970-இல் போரிஸ் கொடுத்த முறையை இன்றும் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். புலத்தை 1966-இல் யீ வகுத்த கட்டத்தில் வைக்கிறார்கள். கணிதம் பழையது. அரை நூற்றாண்டில் மாறியது இயந்திரம்.

இயந்திரம் எப்படி மாறியது? ஃப்ரான்டியரில் இருக்கும் ஜிபியு ஒன்று விநாடிக்கு 47.9 லட்சம் கோடி கணக்குப் போடும், அதாவது 47.9 டெராஃப்ளாப். நினைவகத்திலிருந்து விநாடிக்கு 3.2 டெராபைட் கொண்டுவரும். வகுத்துப் பாருங்கள்: எட்டு பைட் எண் ஒன்று வந்து சேரும் நேரத்தில் 120 கணக்குகள் முடிந்துவிடும். துகள் நிரலில் ஒரு எண்ணுக்கு அவ்வளவு வேலை கிடையாது. கணக்குப் போடும் பகுதி பெரும்பாலான நேரம் சும்மா நிற்கிறது.

மே மாதத்தில் கொடைக்கானலுக்கு வந்தவர்களுக்கு இது புரியும். மேலே எத்தனை விடுதி கட்டினாலும் வத்தலக்குண்டிலிருந்து ஏறும் பாதைதான் ஊரின் கொள்ளளவு. வெள்ளி நீர்வீழ்ச்சி வளைவில் ஒரு பஸ் நின்றால் ஏழு ரோட்டில் அறைகள் காலி.

2025 மே 11

பழனிக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டார்: “பழனியிலிருந்து ஏறும் எங்கள் பாதை கணக்கில் இல்லையா?” இருக்கிறது ஐயா. ஜப்பானியர் ஃபுகாக்கு என்னும் கணினியில் செய்தது அதைத்தான், நினைவகத்திலிருந்து வரும் பாதையை அகலமாக்கினார்கள். லின்பேக் என்னும் தரச்சோதனையில் ஃபுகாக்கு 442 பெட்டாஃப்ளாப் (ஒரு பெட்டா என்பது ஆயிரம் டெரா), ஃப்ரான்டியர் முதலில் பதிவு செய்தது 1,102. நினைவகத்தைக் கசக்கும் இன்னொரு சோதனையில் ஃபுகாக்கு 16, ஃப்ரான்டியர் 14. பாதிக்கும் குறைவான பலம் கொண்டது முந்திவிட்டது. எக்ஸாஃப்ளாப் என்று செய்தித்தாளில் வருவது முதல் வகைச் சோதனையின் எண். நம் வேலை இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஒருவர், கொடைக்கானலுக்கு ஏறும் வண்டிகளுக்குப் போலத் துகளுக்கும் இ-பாஸ் கொடுக்கலாமே என்று எழுதியிருக்கிறார். சிரிக்காதீர்கள், அது கிட்டத்தட்ட உண்மை. அடுத்த குறிப்பில் சொல்கிறேன்.

2025 மே 18

மரம் விழுந்து கம்பி அறுந்து மின்சாரம் இல்லாமல் இருந்தேன். தொலைவில் ஓடும் கணக்குக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் பொழுது போகவில்லை.

இ-பாஸ் கதை. எங்கள் நிரலை ஜிபியுவில் முதலில் ஏற்றியபோது எதிர்பார்த்த வேகத்தில் சிறு பங்குதான் வந்தது. எல்லோரும் துகளைத் தள்ளும் பகுதியைச் சந்தேகித்தார்கள், அதில்தான் கணிதம் அதிகம். அளந்து பார்த்தால் அது சாதுவாக இருந்தது. நேரத்தைத் தின்றது மின்னோட்டத்தை இறக்கிவைக்கும் பகுதி. காரணம் இதுதான்: தொடக்கத்தில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்த துகள்கள் கொஞ்ச நேரம் ஓடியதும் மூலைக்கொன்றாகச் சிதறிவிடுகின்றன. நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு துகள்கள் கட்டத்தில் எதிரெதிர் முனைகளில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓடிப் போய் எழுத வேண்டும். போதாக்குறைக்கு ஜிபியுவில் ஒருங்கே ஓடும் ஆயிரக்கணக்கான இழைகள் (தனித்தனி வேலை ஓட்டங்கள்) ஒரே அறையில் ஒரே நேரத்தில் கூட்டலைச் செய்யப் போனால் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்க வேண்டும்.

மருந்துதான் அந்த இ-பாஸ்: அவ்வப்போது துகள்களை அறைவாரியாக அடுக்கிவிடுவது. அடுக்குவதற்கும் நேரம் ஆகும். எத்தனை படிக்கு ஒருமுறை அடுக்குவது என்பதைத் தாளில் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது, அந்தந்த இயந்திரத்தில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். சூடான பிளாஸ்மா சீக்கிரம் கலையும், குளிர்ந்தது மெதுவாகக் கலையும். அடுக்கியபின் அருகருகே இருக்கும் துகள்களை ஒரே தொகுதியாக எடுத்து, அந்தச் சிறு பகுதிக் கட்டத்தை ஜிபியுவின் உள்நினைவகத்தில் வைத்துக் கூட்டி, முடிவை மட்டும் ஒருமுறை வெளியே எழுதினோம். பெரிய வேகம் அங்கேதான் கிடைத்தது.

இன்னொன்று, துகளின் எல்லாத் தகவலையும் ஒரு பொட்டலமாக வைக்காமல் எல்லாத் துகள்களின் கிடைமட்ட இடங்களையும் ஒரு வரிசையாக, எல்லா உந்தங்களையும் வேறு வரிசையாக வைப்பது. ஜிபியு அடுத்தடுத்த எண்களை ஒரே அள்ளலில் எடுக்கும். இது பெரிய வேலை போலத் தெரியாது. நிரலின் ஒவ்வொரு வரியையும் தொட வைத்தது. அந்த வேலை செய்த நண்பர் அதன் பிறகு ஃபோர்ட்ரான் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

2025 மே 19

“துகளைச் சிறியதாக்கினால்?” என்று ஊட்டி மாணவர். ஆகா, இதைத்தான் எதிர்பார்த்தேன்.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் விபிக் என்னும் நிரலில் ஒரு துகளுக்கு 32 பைட்தான். துகளின் இடத்தை முழுப் பெட்டியின் மூலையிலிருந்து அளக்காமல், எந்த அறை என்ற எண்ணையும் அந்த அறைக்குள் எங்கே என்பதையும் வைக்கிறார்கள். அறைக்குள் தூரம் சிறியது, ஆகவே நான்கு பைட் எண்ணில் துல்லியம் தாங்கும். 2008-இல் ரோட்ரன்னர் கணினியில் இந்த நிரல் ஒரு லட்சம் கோடித் துகள்களோடு 0.374 பெட்டாஃப்ளாப் வேகத்தில் ஓடியது. எண்ணைப் பாதியாகச் சுருக்கினால் பாதை இரு மடங்கு அகலமானது போலத்தான். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சிக்கனம் இது. புதிய இயற்பியல் ஒன்றுமில்லை, எங்கிருந்து அளப்பது என்ற முடிவு மட்டுமே.

அந்த ஒரு லட்சம் கோடித் துகள்களைச் சேமித்தால் ஒரு படத்துக்கு 32 டெராபைட். வில்பட்டியில் எனக்குக் கிடைக்கும் இணைப்பு நல்ல நாளில் விநாடிக்கு 20 மெகாபிட். இறக்கி முடிக்க ஐந்து மாதம். பெரிய இயந்திரங்களிலும் நிலைமை இதேதான், வட்டில் எழுதுவது கணக்குப் போடுவதைவிட மெதுவாகிவிட்டது. அதனால் கணக்கு ஓடும்போதே பார்க்க வேண்டியதைப் பார்த்து, ஆற்றல் நிறமாலையும் சில வெட்டுப் படங்களும் தவிர மற்றதைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். எதை எறிவது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அதுதான் கொடுமை.

2025 ஜூன் 2

முதல் நாள் “முடியாது” என்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். எல்லா இடத்திலும் 2 மில்லிமீட்டர் அறை வைக்க முடியாது. எங்கும் வைக்கக் கூடாது என்று அர்த்தமில்லை.

2022-இல் சூப்பர் கணினித் துறையின் பெரிய விருதான கார்டன் பெல் பரிசு பெற்ற வார்ப்எக்ஸ் நிரல் செய்தது அதுதான். லேசர் ஒரு திண்மப் பொருளில் பட்டுத் தெறிக்கும் இடத்தில் நுண்ணிய கட்டம், எலக்ட்ரான்கள் முடுக்கம் பெறும் வாயுவில் அகலமான கட்டம். ஃப்ரான்டியர், ஃபுகாக்கு, சம்மிட், பெர்ல்மட்டர் என்று வெவ்வேறு குணமுள்ள நான்கு இயந்திரங்களிலும் ஓட்டினார்கள். விண்வெளி ஆய்வாளர்கள் பாய்மக் கணக்குக்கு நடுவே துகள் கணக்கு ஓடும் ஒரு சிறு பெட்டியைப் பதிக்கிறார்கள். மறுஇணைப்பு நடக்கும் இடத்தில் மட்டும் துகள், வெளியே எட்டு எண் பாய்மம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. துகள்கள் ஒரு பக்கம் குவிந்தால் அந்தப் பகுதியைச் சுமக்கும் ஜிபியுக்கள் மூச்சுத் திணறும், மற்றவை காத்திருக்கும். மொத்த இயந்திரமும் மிகவும் பின்தங்கியதன் வேகத்தில்தான் நகரும். கட்டத்தைச் சிறு துண்டுகளாக்கி அவ்வப்போது மறுபங்கீடு செய்ய வேண்டும். பக்கத்துத் துண்டுகள் பக்கத்து ஜிபியுக்களிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்திப் பரிமாற்றம் கொல்லும். முப்பரிமாணத்தை ஒரே நூலில் கோக்கும் ஹில்பர்ட் வளைவு போன்றவை அதற்காகத்தான்.

2025 ஜூன் 3

கண்டனம் ஒன்று வந்திருக்கிறது. பல ஆய்வுக் கட்டுரைகளின் கணக்குகளில் அயனி எலக்ட்ரானைவிட 1,836 மடங்கு கனமாக இல்லாமல் 25 மடங்கோ 100 மடங்கோதான் கனமாக இருக்கிறதாம். “இது ஏமாற்று இல்லையா?”

வெளிப்படையாக எழுதிவிட்டுச் செய்வதால் ஏமாற்று இல்லை. அயனிக்கும் எலக்ட்ரானுக்கும் உள்ள நீள அளவுகோல்களின் விகிதம் நிறை விகிதத்தின் வர்க்கமூலம். 1,836-க்கு 43, 25-க்கு 5. மூன்று பரிமாணத்திலும் நேரத்திலும் இந்த எட்டரை மடங்குச் சேமிப்பு பெருகிக்கொண்டே போகும், இல்லாவிட்டால் அந்தக் கணக்கே இருக்காது. மறுஇணைப்பின் வேகம் இந்த விகிதத்தை அதிகம் பொருட்படுத்துவதில்லை. 2001-இல் பல குழுக்கள் ஒரே சோதனைக் கணக்கை வெவ்வேறு நிரல்களில் ஓட்டி ஒப்பிட்டார்கள். அயனியும் எலக்ட்ரானும் பிரிந்து நகர்வதை அனுமதித்த நிரல்கள் எல்லாம், துகளோ பாய்மமோ, ஏறக்குறைய ஒரே வேகத்தைக் கொடுத்தன. சாதாரணப் பாய்மம் மட்டும் பின்தங்கியது.

ஆனால் எலக்ட்ரான்கள் எவ்வளவு சூடாகின்றன என்ற கேள்விக்கு 25 என்று வைத்துப் பதில் சொன்னால் நான் நம்ப மாட்டேன். அங்கே எலக்ட்ரானின் எடையே விஷயம். கேள்விக்கு ஏற்ற பொய் உண்டு, எல்லாக் கேள்விக்கும் ஏற்ற பொய் கிடையாது. ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு நடுவராக உட்கார்ந்தால் நான் முதலில் தேடும் வரி இந்த விகிதத்தைச் சொல்லும் வரிதான். அது பிற்சேர்க்கையில் ஒளிந்திருந்தால் எனக்குக் கோபம் வரும்.

2025 ஜூன் 20

“இந்தியாவில் இதற்கெல்லாம் இயந்திரம் உண்டா?” உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2022-இல் வந்த பரம் பிரவேகா 3.3 பெட்டாஃப்ளாப். எக்ஸா இல்லை. எக்ஸா இல்லாததால் வேலை நின்றுவிடும் என்று புலம்புகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. ரோட்ரன்னர் ஒரு பெட்டாஃப்ளாப் அளவு இயந்திரம்தான், ஒரு லட்சம் கோடித் துகள் அதில் ஓடியது. 3.3-ஐ முழுதாகப் பயன்படுத்தும் நிரல் கையில் இருக்கிறதா என்று முதலில் கேட்கட்டும்.

2025 ஜூலை 6

ஆசிரியர் திரும்பி வந்திருக்கிறார். அந்த மாணவி பள்ளிக் கணினியில் ஏதாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறாளாம். பள்ளியில் இருப்பது சாதாரண மடிக்கணினி.

தாராளமாகப் போதும். ஒரே பரிமாணம், காந்தப்புலம் வேண்டாம். எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு எலக்ட்ரான் கற்றைகள், அசையாத அயனிப் பின்னணி. 128 அறைகள், இருபதாயிரம் துகள்கள், இரு முனைகளும் சேர்ந்த வளையப் பெட்டி. நேரப்படியைப் பிளாஸ்மா அதிர்வின் ஒரு ரேடியனில் பத்தில் ஒரு பங்காக வையுங்கள். பைத்தானில் எழுதினாலே சீக்கிரம் முடிந்துவிடும். இடத்தையும் திசைவேகத்தையும் இரு அச்சுகளாக வைத்துப் புள்ளியிட்டால் இரண்டு நேர்கோடுகள் நெளிந்து, சுருண்டு, கண்போல ஒரு சுழல் உருவாவது தெரியும். மின்புல ஆற்றலின் மடக்கையை வரைந்தால் நடுவில் நேர்கோடு வரும். சாய்வைப் பாதியாக்கினால் புலத்தின் வளர்ச்சி வீதம் கிடைக்கும், அது பிளாஸ்மாவின் கோண அதிர்வெண்ணில் 0.35 மடங்கைத் தாண்டக் கூடாது என்பது கோட்பாடு.

அது சரியாக வந்த பிறகு கற்றைகளை எடுத்துவிட்டு ஓரளவு சூடான, அமைதியான பிளாஸ்மாவை வைத்து, அறையின் அகலத்தை டிபை நீளத்தைப் போல இருபது மடங்காக்கி நெடுநேரம் ஓடச் சொல்லுங்கள். யாரும் சூடாக்காமலேயே வெப்பநிலை ஏறும். ஏன் 2 மில்லிமீட்டர் என்ற பிடிவாதம் என்பது அந்த வரைபடத்தில் தெரிந்துவிடும். துகள்களின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கி இரைச்சல் பாதியாகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நிரல் எங்காவது சிக்கினால் இங்கேயே ஒட்டட்டும், நான் பார்க்கிறேன். பைத்தான் என்றால் இரவிலேயே பார்ப்பேன். ஃபோர்ட்ரான் என்றால் அந்த நண்பருக்கு அனுப்பிவைக்கிறேன்.